மேஜையின் அந்தப் பக்கம்

எங்கள் தையல் கூடத்தில் அவளை எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவோம். தண்ணீர் குடிக்கப் போனாலும் ரயிலைப் பிடிக்கப் போகிறவள் மாதிரிதான் போவாள். என்னுடையது இஸ்திரி மேஜை. அங்கே நின்றால் கூடம் முழுக்கத் தெரியும். பார்த்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள முடியாமல்தான் இதைச் சொல்கிறேன்.

அவள் வேலை துணி விரிப்பது. நீள மேஜையின் ஒரு கோடியில் துணி உருளை இருக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்து, மேஜையின் இரு பக்கமும் ஒரே நடையாக நடந்து மறுகோடிவரை இழுத்துப் போக வேண்டும். ஒருத்தி முந்தினால் துணி கோணிக்கொள்ளும். அப்புறம் வெட்டுகிற சட்டையெல்லாம் ஒரு பக்கமாக இழுக்கும். மேஜையின் அந்தப் பக்கம் நடந்தவள் அவளுடைய நாத்தனார். அந்த வேலையை அவளுக்குக் கெஞ்சி வாங்கிக் கொடுத்ததே எக்ஸ்பிரஸ்தான்.

முதலில் இடது கால் செருப்பு கழன்றது. கழன்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை. "என்னடி, செருப்பப் பின்னால வரச்சொல்லிட்டு நீ மட்டும் முன்னால போற?" என்று கேலி செய்தேன். சிரித்தாள். பிறகு ஒருநாள் கட்டைவிரல் தரையில் தட்டி, குப்புற விழுந்தாள். ஆஸ்பத்திரியில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். நரம்பின் மேலுள்ள உறை அரித்துப்போகிற நோயாம். மூளை சொல்வது காலுக்கு ஒழுங்காகப் போய்ச் சேராதாம். வெக்கை பட்டால் இன்னும் மோசம்.

"என் காலே எனக்கு எதிரா வேலைநிறுத்தம் பண்ணுது," என்றாள்.

அதற்காகச் சும்மா உட்காருகிறவளா? பின்னால் பட்டி வைத்த செருப்பு வாங்கினாள். கழுத்தில் ஈரத்துணி போட்டுக்கொண்டாள். நீளமான விரிப்புகளை வெயில் ஏறுமுன் முடித்தாள். மேஜை விளிம்பில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டே நடந்தாள். எதிர்ப்பக்கம் நாத்தனாரும் தன் நடையை அவள் நடைக்குக் குறைத்துக்கொண்டாள். இரண்டு பேருமே மெதுவாக நடந்ததால் துணி கோணவில்லை. எனக்கு இப்படி ஒரு நாத்தனார் வாய்க்கவில்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

கால் மேலும் மோசமானபோது டாக்டர் கைத்தடி வைத்துக்கொள்ளச் சொன்னார். தடியோடு வந்தவளை நாத்தனார் வாசலிலேயே மடக்கி, அதைப் பிடுங்கித் துணி உருளைகளுக்குப் பின்னால் செருகினாள்.

"இதோட உள்ள வந்தீங்கன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க அண்ணி. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. நான் இருக்கேன்ல?"

அவள் நம்பினாள். அவளுக்கு இருந்த பயமெல்லாம் வேலை போய்விடுமோ என்பதுதான். "வீட்ல உக்காந்தா நான் நோயாளிடி. இங்கதான் நான் எக்ஸ்பிரஸ்," என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒரு திங்கட்கிழமை. தைத்த சட்டைகளைத் தரம் பார்த்துப் பிரிக்கிற மேஜைக்குப் புதிதாக ஒரு நாற்காலி வந்திருந்தது, ஃபேனுக்கு நேர் கீழே. அதில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். எக்ஸ்பிரஸ் துணி ஓரத்தைப் பிடித்தபடி, ஒன்றும் புரியாமல் நின்றாள். அந்தப் பக்கம் வந்த சூப்பர்வைசர் அவளருகே நின்றார்.

"ஏம்மா, உனக்குன்னு ஒதுக்கின நாற்காலிய வேணாம்னுட்டியே?"

"எனக்கா சார்?"

"நீ நடக்கிறத நான் பாக்காமலா இருக்கேன்? உன் நாத்தனார்கிட்டதான் சொல்லி அனுப்பினேன். அண்ணிக்கு உக்கார்ற வேலை பிடிக்காது, பேச்செடுத்தாலே கோவப்படுவாங்கன்னு சொன்னா. தடியக்கூட ஒளிச்சு வச்சிருக்கியாமே. சரி, வற்புறுத்த வேணாம்னு அவளுக்கே குடுத்துட்டேன்."

ஒளித்து வைத்தது யார்? எக்ஸ்பிரஸ் மேஜையைப் பிடித்துப் பிடித்து நாற்காலிவரை போனாள்.

"எனக்கும் முழங்கால் வலிக்குது அண்ணி," என்றாள் நாத்தனார், அவள் கேட்பதற்கு முன்பே.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேடி."

நாத்தனார் சட்டைக் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணன்தான் சொன்னான். எப்படியும் நீங்க சீக்கிரம் வீட்ல உக்காரப் போறீங்களாம். நாற்காலி வீணாப் போகக்கூடாதுன்னு."

கட்டிய கணவனும் கூட்டு! எக்ஸ்பிரஸ் அழுவாள் என்று நினைத்தேன்.

"அந்த நாற்காலி எனக்கு வேணும் சார்," என்றாள், பின்னாலேயே வந்து நின்ற சூப்பர்வைசரிடம்.

"குடுத்தாச்சேம்மா. இனி முதலாளிதான் சொல்லணும்."

முதலாளி அறை கூடத்தின் மறுகோடியில் இருந்தது. அவள் உருளைகளுக்குப் பின்னாலிருந்து தடியை எடுத்தாள். சுவரோரமாகப் போகவில்லை, மேஜையைத் தொடவில்லை; மிஷின்களுக்கு நடுவே, எல்லோரும் பார்க்க, இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள். நாத்தனார் எழுந்து ஓடிவந்து, பழைய பழக்கத்தில் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடையைக் குறைத்தாள்.

"கைய எடு."

"விழுந்துடுவீங்க அண்ணி."

"விழுந்தா தரையிலதானே விழுவேன்? தரையப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும். உன்னப் பத்திதான் தெரியாமப் போச்சு."

நாத்தனார் கையை எடுத்தாள். எக்ஸ்பிரஸ் முதலாளியின் கதவைத் தடியாலேயே தட்டினாள்.