இருபது ரூபாய்க்குச் சேலம்

சேலம் தலைகீழாகத் தெரிந்தது; ஈரோட்டுக்காரர் ஒருவர் இருபது ரூபாயைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். டெலஸ்கோப் வாடகைத் தொழிலில் எது தெரியாவிட்டாலும் பனிமேல் பழி போடலாம். தலைகீழாகத் தெரிந்தால் போட முடியாது.

பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பிறகு "அடுத்து என்ன?" என்ற கேள்வியில் வதைபடும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு பி.எஸ்சி. பிசிக்ஸ் படிக்க ஆசை. அப்பா தலைச்சோலையில் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறார். ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை, மாதம் பன்னிரண்டாயிரம், எனக்காகத் தயாராக இருந்தது. காலேஜா லாட்ஜா என்று முடிவாகும் வரை வியூ பாயின்ட்டில் சண்முகம் அண்ணன் வாடகைக்கு விடும் டெலஸ்கோப்பைக் கவனித்துக்கொண்டேன். இரண்டே மாதம். இன்று சேலத்தில் ஹாஸ்டல் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது மலை தெரிந்தால், பக்கத்துக் கடை மிளகாய் பஜ்ஜி வாசனைகூட ஞாபகம் வருகிறது. அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மிச்சமான குழாய்

அன்று காலை லென்ஸில் ஈரம் கோத்திருந்ததால் டெலஸ்கோப்பைக் கழற்றித் துடைத்தேன். மாட்டி முடித்தபோது ஒரு சின்னக் குழாய் மிச்சம். தேவையில்லாத சாமான் என்று பஜ்ஜி பேப்பரில் சுற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். தலைகீழ் பிம்பத்தை நேராக்கும் லென்ஸ்கள் அதற்குள்தான் இருந்தன. இதைப் பற்றிப் பரீட்சையில் படம் போட்டு எழுதி முழு மார்க் வாங்கியவன் நான்.

ஈரோட்டுக்காரருக்குக் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஏஞ்சாமி, பிசிக்ஸ்ல நூத்துக்குத் தொண்ணூத்தாறுன்னியே, அது வேற பிசிக்ஸா?"

பேங்க்காரர் போட்ட கணக்கு

பனி விலகக் காத்திருந்த ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருவர் பேச்சுக் கொடுத்து என் கதையைக் கறந்துவிட்டார். உடனே பேனாவை எடுத்தார். அரசு காலேஜில் ஃபீஸ் பெரிதில்லை. ஹாஸ்டல், மெஸ், பஸ் என்று மூன்று வருடத்துக்கு எழுதினார். அதோடு நிற்காமல், லாட்ஜில் நான் வாங்காமல் விடப்போகும் சம்பளத்தையும் செலவில் சேர்த்தார். அது எனக்குத் தோன்றவே இல்லை. அது மட்டுமே நாலு லட்சத்துக்கு மேல் வந்தது. பி.எஸ்சி.யோடு நின்றால் திரும்ப அதே லாட்ஜ்தான், வாத்தியார் ஆக இன்னும் நாலு வருடம் என்றார். தப்புக் கண்டுபிடிக்க எவ்வளவோ பார்த்தேன். கிடைக்கவில்லை.

டெலஸ்கோப் என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். "அந்தக் காசுக்கு இதுல பத்து வாங்கி மலையைச் சுத்தி நிறுத்தலாம் தம்பி. பிசிக்ஸ் படிச்சவனைச் சம்பளத்துக்கு வெச்சுக்கலாம்."

ரெண்டாம் கியர்

டூரிஸ்டுகளைக் கொண்டுவந்த டாக்ஸி டிரைவர் ஒருவர் டெலஸ்கோப்பைத் தொட்டுப் பார்த்து, லென்ஸின் குவிய தூரத்தைக் கேட்டார். திகைத்துப்போனேன். அவரும் பி.எஸ்சி. பிசிக்ஸாம். படித்துப் பிரயோஜனம் உண்டா என்று நேராகவே கேட்டுவிட்டேன். எனக்குச் சுற்றிவளைக்கத் தெரியாது.

அவர் கோபப்படவில்லை. டீயைக் குடித்து முடித்தார். "இருக்குதுங்க தம்பி. மலை எறங்கறப்ப பிரேக்கை நம்பாம ஏன் ரெண்டாம் கியர்ல வரோணும்னு எனக்குத் தெரியும். தெரியாதவனும் ரெண்டாம் கியர்லதான் வர்றான்."

பகல் நிலா

ஒரு சாயங்காலம் கூட்டமே இல்லை. வெளிச்சம் போகுமுன்பே பாதி நிலா வந்திருந்தது. இந்த முறை வேண்டுமென்றே அந்தச் சின்னக் குழாயைக் கழற்றினேன். கண்ணாடி குறைந்தால் வெளிச்சம் கூடும், நிலா தலைகீழாக இருந்தால் யார் காசைத் திருப்பிக் கேட்கப்போகிறார்கள்? கொட்டச்சேட்டிலிருந்து சந்தைக்கு வந்த அக்கா ஒருவர், காப்பிப் பழம் பறிப்பவர், பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். சும்மா பாருங்க என்றேன்.

பார்த்தார். தலையைத் தூக்கி வெறும் கண்ணால் பார்த்தார். மறுபடி குனிந்தார். பஸ் வந்து ஹாரன் அடித்தும் நகரவில்லை. கண்டக்டர் கத்திய பிறகுதான் பையை எடுத்தார். "ஏங்கண்ணு, இத்தன குழி இருக்குது, இத்தன நாளா ஒருத்தரும் சொல்லலியே."

பேங்க்காரர் கணக்கில் இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மூணாவது இடம்

காலேஜுக்கு விண்ணப்பம் போடக் கடைசி நாள்; அதில் மூன்று பாடங்களை விருப்ப வரிசையில் கொடுக்க வேண்டும். அப்பா ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு வந்தார். எஸ்டேட் விருந்தாளிகள் எத்தனையோ பேரை அங்கே கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்; ஒருமுறைகூட டெலஸ்கோப்பில் கண் வைத்ததில்லை. "நானும் இருவது ரூபா குடுக்கோணுமா?" என்று கேட்டபடியே குனிந்தார். காலேஜ் எங்கே என்றார். மரங்களுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, அதற்குப் பக்கத்தில் என்றேன். ரொம்ப நேரம் தொட்டியையே பார்த்தார். உள்ளே எத்தனை கண்ணாடி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னார். "கண்ணு, கம்ப்யூட்டரை மொதல்ல போடு, காமர்ஸை ரெண்டாவதா போடு. பிசிக்ஸை மூணாவதா போடு, கெடைச்சாப் படி."

பிரவுசிங் சென்டரில் அந்த வரிசையை அப்படியே தலைகீழாகப் போட்டேன். தலைகீழாக்குவது எனக்கொன்றும் புதிதில்லையே.