கசக்குது என்று நான் சொன்ன கேக்

பிரஷர் குக்கரில் தண்ணீர் ஊற்றாமல் ஆற்று மணலைக் கொட்டி அடுப்பில் ஏற்றினால், முதலில் ஈர மண் வாசனை எழும்பி, கொஞ்ச நேரத்தில் அதுவே வறண்டு மூக்கைச் சுடும். அந்தச் சூட்டுக்குள் அம்மா கோகோ கலந்த கேக் மாவு ஊற்றிய கிண்ணத்தை இறக்கி, 'வெயிட்' போடாமல், ரப்பர் வளையத்தையும் கழற்றிவிட்டு மூடுவாள். எனக்குப் பத்து வயதாயிருந்த கோடையில் எங்கள் நாகல் நகர் வீடு முழுக்க அந்த வாசனைதான் அடித்தது. இதை ஏதோ இனிக்கும் நினைவென்று எண்ணிவிட வேண்டாம். அந்தக் கோடையின்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்பாவின் தம்பி அருள் சித்தப்பாவுக்குக் கல்யாணம். மாதா கோயிலில் பூசை முடிந்து மண்டபத்தில் வெட்டுகிற கேக், வீட்டிலேயே சுட்ட சாக்லேட் கேக்காக இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். நான் செய்கிறேன் என்றாள் அம்மா. நான்தான் செய்வேன் என்றாள் எதிர்வீட்டு ஸ்டெல்லா அத்தை. அப்பாவின் அக்கா, புதிதாக 'ஓவன்' வாங்கியிருந்தவள். அம்மா தொப்பம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அப்பாவை விரும்பிக் கட்டிக்கொண்டு, ஞானஸ்நானம் வாங்கி இந்தக் குடும்பத்துக்குள் வந்தவள். வந்து பதினோரு வருடமாகியும் அத்தைக்கு அவள் 'தொப்பம்பட்டிக்காரி'தான். அம்மா 'வரோணுங்க', 'போகோணுங்க' என்பதை அத்தை அவள் முன்னாலேயே இழுத்துப் பேசிக் காட்டிச் சிரிப்பாள். அந்த வீட்டில் அம்மாவை வாய் நிறைய 'அண்ணி' என்று கூப்பிட்டவர் சித்தப்பா ஒருவர்தான். அவர் கல்யாணத்தில், சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னாலும், தன் கையால் செய்த ஒன்று மேசைமேல் இருக்க வேண்டுமென்று அம்மா நினைத்ததில் என்ன தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஆளுக்கு ஒரு பக்கம் பேசுவார்கள் என்பதால், ருசி பார்க்க என்னை உட்காரவைத்தார்கள். "பிள்ள சொல்லட்டும், அது யாரு சுட்டதுன்னு பாக்காது" என்று சொன்னதே அத்தைதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பெயர் சொல்லாமல் இரண்டு தட்டு வைப்பார்கள். எனக்கா தெரியாது? அம்மா மாவில் ஒரு கரண்டி காப்பி டிக்காஷன் விடுவாள்; கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். மூன்று ஞாயிறும் அம்மாவின் தட்டைத்தான் தொட்டேன், அது நன்றாகவே இருந்ததால். அத்தை விடவில்லை; ஒரு வாரம் வெண்ணெயைக் கூட்டினாள், மறுவாரம் டின் பால் ஊற்றினாள், அதற்கடுத்த வாரம் கட்டி சாக்லேட்டையே உருக்கிக் கொட்டினாள். மூன்றாவது முறையும் தோற்றபோது, "மண்ணுல சுட்டத மண்டபத்துல கொண்டாந்து வச்சா மாப்பிள்ள வீட்டு மானம் போயிரும்ல" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அதற்காக அவரையும் நான் மன்னிக்கவில்லை.

அந்த வாரம் அத்தை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, கட்டிலில் ஒரு வெள்ளைக் கவுனை விரித்துக் காட்டினாள். மதுரையில் வாங்கியது, இடுப்பில் சாட்டின் ரிப்பன். கல்யாணத்தில் பெண்ணுக்கு முன்னால் பூக்கூடை தூக்கி நடக்கப் போவது நான்தான் என்று முன்பே பேசியிருந்தார்கள். "அடுத்த ஞாயித்துக்கெழமையும் உங்க அம்மாதுதான் நல்லாருக்குன்னு சொல்லு பாப்போம். என் நாத்தனா மகளுக்கும் இந்த அளவுதான்" என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

நான்காம் ஞாயிறு நான் அத்தையின் தட்டைத் தொட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "ஏங் கண்ணு, நல்லால்லையா?" என்று கேட்டாள்.

"கசக்குது" என்றேன்.

அவள் மீதிக் கேக்கிலிருந்து ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டு, மெதுவாக மென்று பார்த்தாள். பிறகு குக்கர் மணலைக் கொல்லையில் கொட்டிவிட்டாள்.

அப்போதெல்லாம் பகலில் மணிக்கணக்காகக் கரண்ட் போகும். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் போனது மதியமாகியும் வரவில்லை. பாதி வெந்த அத்தையின் கேக் நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிட்டது. மறுபடி கலக்கிய மாவுப் பாத்திரத்தோடு அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"ஜெயா, செத்த ஒன் குக்கர்ல வச்சுக் குடு. நேரம் இல்ல."

அம்மா கதவு நிலையைப் பிடித்தபடி சொன்னாள்: "நாஞ் சுட்டாக் கசக்குமுங்க அண்ணி. நல்லது நடக்குற எடத்துல எதுக்குங்க?"

எனக்குத் தாங்கவில்லை. "கசக்கலம்மா! அத்ததான் கவுனக் காட்டி அப்புடிச் சொல்ல வச்சாங்க" என்று கத்திவிட்டேன். இப்போது அம்மா அத்தையைத் திட்டுவாள், பிறகு என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. "போய்ட்டு வாங்க அண்ணி" என்று கதவைச் சாத்திவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அவங்க காட்டுனா, நீ சொல்லீருவியா?"

மறுநாள் அந்தக் கவுனை நான் போடமாட்டேன் என்று அழுதேன். ரிப்பனை அம்மாவே இறுக்கிக் கட்டி, "போட்டுக்கிட்டு நட" என்றாள். நடந்தேன். மண்டபத்தில் அவசரத்துக்குக் கடையில் வாங்கிய மூன்றடுக்குக் கேக் நின்றது; கீழ் இரண்டு அடுக்கும் கிரீம் பூசிய தெர்மாகோல். கத்தி இறங்காமல் விழித்த சித்தப்பா, "அண்ணி, நீங்க செய்யலையா?" என்று கேட்டார். "உங்க அக்காளக் கேளுங்க" என்றாள் அம்மா. அத்தை என்ன சொன்னாளோ, சித்தப்பா அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்து, பிறகு நிறுத்தியே விட்டார்.

இப்போது எதிர்வீடு இல்லை. இடித்து செல்போன் கடை கட்டியிருக்கிறார்கள். அத்தை தன் மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டாள். சித்தப்பா வெளிநாட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒரு படம் அனுப்புவார், வார்த்தை ஒன்றும் இருக்காது. எங்கள் தெருவிலேயே இரண்டு பெண்கள் ஆர்டர் எடுத்துக் கேக் செய்கிறார்கள். அம்மா அதற்குப்பின் ஒரு கேக்கும் சுடவில்லை.

போன மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மண்டபத்துக்கு நீயே செய் அம்மா, உன் கேக் எனக்கு எப்போதும் பிடித்துத்தான் இருந்தது என்றேன்.

"அத அன்னிக்குச் சொல்லியிருக்கோணும் கண்ணு" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக் கடைக்குப் பேசினாள். என்ன கேக் வேண்டும் என்று கேட்டிருப்பார்கள் போலும்.

"எதுன்னாலும் சரிங்க. சாக்லேட் மட்டும் வேண்டாமுங்க."