வெயிலில் காய்ந்த கோதுகள்

ஹம்பேர்க்கின் தெற்குப் பக்கத்தில் ஒரு டயர்க் கடையில் எனக்கு வேலை கிடைத்திருந்த காலம் அது. அகதி மனுவுக்கு முடிவு வரவில்லை; வேலை செய்யும் அனுமதி மட்டும் எப்படியோ முந்திக்கொண்டு வந்துவிட்டது. சில்லுகளைக் கழற்றுவதும் பூட்டுவதும், சில்லு ஆடாமல் இருக்க விளிம்பில் அடித்திருக்கும் சின்ன ஈயக் கட்டிகளைப் பிடுங்கி வாளியில் போடுவதும் என் உத்தியோகம். ஊரில் கணக்கியல் படித்தவன் என்று அங்கே யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் சில்லு தானாகக் கழன்றிருக்காது.

அந்த ஈய வாளியைத் தேடி ஒருவர் வருவார். ஐம்பது வயது இருக்கும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், தனிக்கட்டை, மீசை மட்டும் இரண்டு பேருக்குக் காணும். ஒருநாள் வாளியை அவருடைய காரில் ஏற்றிக் கொடுத்தபோது, இந்தக் குப்பை எதற்கு என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன். அவர் ஒரு கண்ணைச் சுருக்கி, இல்லாத துவக்கு ஒன்றைத் தோளில் வைத்துக் காட்டினார். நான் என்னை அறியாமலே பின்னால் நகர்ந்துவிட்டேன். அவர் அவசரமாகக் கையை இறக்கி, விளையாட்டு, கிளப், காகித இலக்கு என்று விளக்கத் தொடங்கினார். பயந்தவனைப் பார்த்து அவருக்கு என்னைவிடப் பயமாகிவிட்டது. எங்கள் சிநேகிதம் இப்படித்தான் ஆரம்பித்தது.

அந்த வருடம்தான் அக்கா வந்து சேர்ந்தாள். எல்லோரையும் போலக் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்குக்குள் நுழைந்து, அங்கிருந்து ஹம்பேர்க். அத்தானை ஆமி பிடித்துக்கொண்டு போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. ஏன் பிடித்தார்கள் என்று கேட்டால், "கொண்டுபோனவங்கள்" என்பாள், அவ்வளவுதான். அகதிகளை வைத்திருக்கும் ஹைமில் அவளுக்குக் கிடைத்தது ஒரு பெரிய கூடத்தில் திரைச்சீலை போட்டுப் பிரித்த மூலை. திரைக்கு அந்தப் பக்கம் எந்நேரமும் ஆண்களின் இருமலும் சண்டையும். வேறொரு ஹைமில் இருந்த நான் பார்க்கப் போன நேரமெல்லாம் சப்பாத்தைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரிக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

இதை நான் ஈயக்காரரிடம் சொன்னது மனம் ஆறுவதற்காகத்தான். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, தன் வீட்டுக் கூரை அறை சும்மாதான் கிடக்கிறது என்றார். அதிகாரிகளைச் சந்திக்க எத்தனையோ டேர்மின் எடுத்து, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, நாங்கள் இருவரும் அங்கே குடியிருக்க அனுமதி வாங்கினோம். வீட்டுக்காரர் வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் இருவரும் ஹைமுக்குத் திரும்பவேண்டும் என்று அதிகாரி இரண்டு தரம் சொல்லி அனுப்பினார். எனக்குப் பரவாயில்லை, நான் எங்கே போட்டாலும் குறட்டை விடுவேன். ஆனால் கூரை அறைக்கு வந்த முதல் நாளே அக்கா சப்பாத்தைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். அது அங்கேயே கிடக்கவேண்டும் என்பதுதான் அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே வேண்டுதல்.

நிலவறையில் ஒரு பக்கம் உடுப்புத் தோய்க்கும் மெசின், மறுபக்கம் வீட்டுக்காரரின் வேலை மேசை. ஓய்வு நாட்களில் நான் அவருக்குக் கைகொடுப்பேன். அவருடைய துவக்கு பழைய பிரிட்டிஷ் பட்டாளத்துச் சாமான்; பட்டாளம் கழித்துவிட்டதை எங்கேயோ வாங்கியிருந்தார். இரும்பு அலுமாரியைத் திறந்து அவர் அதை வெளியே எடுத்ததுமே நான் அதைக் கண்டுகொண்டேன். திரீ நொட் திரீ. யாழ்ப்பாணத்துச் சந்திகளில் பொலிஸ்காரர் தோளில் சரிந்து கிடந்த அதே துவக்கு, அதே மரப்பிடி. கடல் தாண்டி ஓடி வந்தால் அது எனக்கு முன்னமே வந்து, எண்ணெய் பூசிக்கொண்டு சுகமாகப் படுத்திருந்தது.

அதன் குழல் எத்தனையோ வெடி கண்டு உள்ளே தேய்ந்து அகன்றுவிட்டது. கடையில் விற்கும் சன்னம், அதாவது குண்டு, அதற்குள் பிடிமானமில்லாமல் போய் இலக்கின் ஓரத்தில் எங்காவது விழும். அதனால் அவர் மெத்தென்ற ஈயத்துண்டு ஒன்றைக் குழலுக்குள் தடியால் தள்ளி, மறுபக்கம் வந்ததை அளந்து, அந்தக் குழலின் உண்மையான அகலத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். என் வாளி ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றிச் சன்னத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வார்ப்பார். பிறகு மெழுகு பூசி, ஓர் உருக்கு வளையத்துக்குள் நெம்புகோலால் அமுக்கித் தள்ளினால் குழலுக்கு ஏற்ற அளவில் வெளியே வரும். நெம்புகோல் என் பங்கு. வெடிமருந்து நிரப்புகிற நேரம் மட்டும் என்னை நாற்காலியோடு தூர நகர்த்திவிடுவார்; அதற்கு அரசாங்க அனுமதி உள்ள கை வேண்டுமாம். எனக்கும் அந்த மருந்தில் ஆசை இருக்கவில்லை. இவ்வளவு தேயும்படி இந்தத் துவக்கால் யார் யாரைச் சுட்டார்கள் என்று சில வேளை யோசிப்பேன். பிறகு அடுத்த சன்னத்தை எடுத்து வளையத்தில் வைப்பேன்.

எல்லாவற்றையும்விட அவருக்குக் கோதுதான் பெரிது. வெடித்து முடிந்த வெற்றுப் பித்தளைக் கோது. பட்டாளத் துவக்கில் தோட்டா இருக்கும் அறை கொஞ்சம் தாராளமானது. அதற்குள் ஒரு தடவை வெடித்த கோது அந்த அறையின் அளவுக்கே விரிந்து நின்றுவிடும். கழுத்தை மட்டும் இறுக்கி மறுபடி நிரப்பினால், அந்தத் துவக்குக்கு அதைப்போல் பொருந்துவது வேறொன்றும் இல்லை. இந்தப் பிரிட்டிஷ் இனக் கோது அங்கே அகப்படுவதும் குறைவு. வருடக்கணக்காக ஒவ்வொன்றாகச் சேர்த்து, தன் துவக்குக்குப் பழக்கி வைத்திருந்தார். என்னைத் தொடவிடுவார், ஆனால் கை வைத்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்.

அக்கா நிலவறைப் பக்கமே வருவதில்லை.

"அது விளையாட்டு அக்கா. கடதாசியைத்தான் சுடுறவை."

"கடதாசி எது, ஆக்கள் எது எண்டு துவக்குக்குத் தெரியுமே? நீ போ. நான் அங்கை இறங்கமாட்டன்."

ஆகவே இரண்டு பேருடைய உடுப்பையும் நான்தான் தோய்த்தேன். அவளுடைய வெள்ளைச் சேலையை என் நீலக் காற்சட்டையோடு போட்டு எடுத்ததற்கு வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. மற்றபடி வீட்டுக்காரரில் அவளுக்கு மரியாதைதான். வடை சுட்டால் முதல் தட்டு அவருக்குப் போகும். அவர் அதைக் கத்தியும் முள்ளும் வைத்து வெட்டிச் சாப்பிடுவதை யன்னலால் பார்த்துவிட்டு வந்து எனக்கு நடித்துக் காட்டுவாள்.

கோடையில் ஒரு சனிக்கிழமை. இலையுதிர் காலத்துப் போட்டிக்காக வீட்டுக்காரர் தன் கோதுகள் எல்லாவற்றையும் கழுவி, பின்வளவுப் புல்லில் பழைய கட்டில் விரிப்பொன்றை விரித்து, மிளகாய் காயப்போடுவது போலப் பரப்பிவிட்டுக் கிளப்புக்குப் போய்விட்டார். நான் டயர்க் கடையில். அந்த நேரம் தெருவில் பொலிஸ் கார் ஒன்று வந்து நின்றிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் சைக்கிள் களவு போனதை விசாரிக்கத்தான் வந்தார்கள். அது அக்காவுக்கு எப்படித் தெரியும்? அவள் கண்டது இரண்டைத்தான்: யன்னலுக்குக் கீழே பொன்னாக மினுங்கும் கோதுகள், வேலிக்கு அந்தப் பக்கம் பொலிஸ் தொப்பி.

நான் வேலை முடிந்து வந்தபோது அவள் அடுப்படியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். காலில் சப்பாத்து. சப்பாத்து முழுக்கச் சேறு.

"பயப்பிடாதை தம்பி. பொலிஸ் வந்தது, போயிட்டுது. எல்லாத்தையும் அள்ளிக்கொண்டுபோய்ப் பின்னாலை வாய்க்காலுக்குள்ளை போட்டிட்டன்."

"எதை அக்கா?"

"கோதுகளைத்தான்."

நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். அவை யாருடையவை, எதற்காகக் காய்ந்தன, எத்தனை வருடச் சேமிப்பு என்று சொல்லச் சொல்ல அவளுடைய முகம் மாறியது. கத்தியை வைத்தாள். கையைக் கழுவினாள். அறைக்குப் போய்க் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அந்த இருப்பை மறுபடி பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கோபமும் வந்தது, யாரில் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்காரர் வந்தார். விரிப்பை நாலாக மடித்து வளவு மேசையில் வைத்திருந்தாள் அக்கா, அவ்வளவு ஒழுங்கு. அவர் விரிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அவர் மண்வாரியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்த் துழாவினார். கறுத்த சேறு, ஆழம் வேறு. பாசியும் ஒரு பழைய வாளிப் பிடியும்தான் வந்தன. கடையிலிருந்து பெரிய காந்தம் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். பித்தளையைக் காந்தம் பிடிக்காது என்று கோபமே இல்லாமல் சொன்னார். அந்தக் கோபமில்லாமைதான் எனக்குக் கூடப் பயமாக இருந்தது. இன்றிரவே ஹைமில் எந்த மூலை கிடைக்கும் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அக்கா கைப்பையோடு பின்படிக்கு இறங்கி வந்து நின்றாள்.

"நான் சொல்லுறதை அவருக்குச் சொல்லு. எங்கடை வீட்டுக்குப் பின்னாலை ஒருநாள் சூடு நடந்தது. ஆமி சுத்தி வளைக்கும் எண்டு தெரியும். வளவுக்குள்ளை கோது கிடந்தால் இஞ்சை இருந்துதான் சுட்டதெண்டு சொல்லுவாங்கள். நான் விடிய எழும்பி முழு வளவையும் கூட்டிப் பொறுக்கிக் கக்கூசுக் குழிக்குள்ளை போட்டன். தேசிமரத்துக்குக் கீழை ஒண்டை விட்டிட்டன். என்ரை கண்ணிலை படேல்லை. அவங்கடை கண்ணிலை பட்டிட்டுது. அதை அத்தான்ரை கைக்குள்ளை வைச்சுப் பொத்திப்போட்டுத்தான் வாகனத்திலை ஏத்தினவங்கள்."

அத்தானைக் கொண்டுபோன காரணத்தை நான் அன்றுதான் கேட்டேன், கேட்டுக்கொண்டே ஜெர்மனில் சொல்லவும் வேண்டியிருந்தது. என் ஜெர்மன் டயர் மாற்றுகிற அளவுக்குத்தான் காணும். வாயில் வந்ததைச் சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன், அதை ஏன் மறைப்பான்.

"இண்டைக்கு ஒண்டும் விடேல்லை எண்டு சொல்லு," என்றாள் அக்கா. "முழங்காலிலை இருந்து புல்லெல்லாம் தடவிப் பாத்தனான். போகச் சொன்னால் போறம் எண்டும் சொல்லு."

அதையும் சொன்னேன். வீட்டுக்காரர் மண்வாரியை வேலியில் சாத்திவிட்டு, விரிப்புக் கிடந்த புல் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். சிவப்புப் பெர்ரிச் செடியின் அடியில் அவர் நின்ற அதே கணம் நானும் கண்டேன். புல்லுக்குள் ஒன்று மினுங்கியது. அவர் குனிந்து அதை எடுத்துக் கையைப் பொத்திக்கொண்டார்.

"என்ன எடுத்தவர்?" அக்கா படியில் நின்றபடியே கேட்டாள்.

நான் அதை ஜெர்மனில் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவருக்கே விளங்கிவிட்டது.

"நத்தை," என்றார், கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி. "உன் அக்காவிடம் சொல். எல்லாம் போய்விட்டது. ஒன்றுகூட இல்லை. நன்றாகப் பார்த்திருக்கிறாள்."

"நத்தையாம் அக்கா. ஒண்டும் இல்லையாம். நீ நல்லாப் பாத்திருக்கிறியாம்."

அக்கா கைப்பையைத் தரையில் வைத்தாள். "இந்த மனிசனுக்குப் பொக்கற்றுக்குள்ளை போட வேறை ஒண்டும் கிடைக்கேல்லையே," என்றாள்.

அறையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை. அந்த வருடப் போட்டிக்கு அவர் போகவில்லை. கேட்ட கிளப்காரர்களுக்குத் தோள் வலி என்று சொன்னார். சன்னம் வார்ப்பதை மட்டும் விடவில்லை. கோது கிடைக்கிறபோது கிடைக்கட்டும், அளவு பார்த்து வைப்போம் என்றார்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் இருவரும் நிலவறையில் இருந்தோம். படியில் காலடி கேட்டது. மேசையில் நிறுத்தி வைத்திருந்த அந்த ஒற்றைக் கோதை வீட்டுக்காரர் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அக்கா ஊத்தை உடுப்புக் கூடையோடு வந்து, எங்கள் இருவரையும் தாண்டி, மெசினுக்கு முன்னால் போய் நின்றாள்.

"என்ரை சேலையைப் பழுதாக்கினது நீதான், துவக்கில்லை," என்றாள்.

வெறுங்காலோடு வந்திருந்தாள்.