பிள்ளைக்கு வேண்டாம்னு தடுத்த மீன்

மகளுக்கு முதன்முதலா மீன் கொடுக்கலாம்னு இன்னைக்குச் சந்தைக்குப் போனேன். வழக்கமா வாங்குற மீன்கார அக்காகிட்ட ஒரு விளமீனை எடுத்து நீட்டினேன்.

"பிள்ளைக்கு அக்கா, முள் இல்லாம வெட்டித் தாங்க."

சட்டுனு மீனைத் திரும்ப வாங்கி வச்சுட்டாங்க.

"ஏட்டி, பிள்ளைக்கு இது வேண்டாம். கெடாம இருக்க மருந்து போட்டது."

"அப்போ எனக்கு இவ்வளவு நாளும் தந்தது?"

"நீ பெரிய ஆளுல்லா மக்கா."

"வயித்துல இவ இருந்தப்பமும் உங்ககிட்டதானே வாங்கினேன்?"

அக்கா தராசைத் துடைச்சாங்க.

"சோதிக்க ஆபீசர் வரமாட்டாங்களா?"

"வருவாவ, போவாவ. நாமதான் பாத்து வாங்கணும்."

நான் அவங்க முகத்தைப் பாத்துதான் வாங்கிட்டு இருந்தேன்.

இனி எது வாங்கினாலும் பிள்ளைக்குன்னுதான் சொல்லப்போறேன். நீங்கெல்லாம் என்ன சொல்லி வாங்குறீங்க?