எக்ஸ்ரே அக்காவும் செம்பு ஸ்பூனும்

மருத்துவமனையில் எல்லோரும் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக ஜன்னல் இல்லாத ஓர் அறையில், "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லியே அவள் காலம் போயிருந்தது. அதனால் விடுமுறை நாளில் அவளுக்கு வானமும் தண்ணீரும் வேண்டியிருந்தன. விடிந்ததும் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போய், பாலத்தடியில் பாறை மேல் நின்று ஸ்பூன் வீசுவாள்.

சாப்பிடுகிற ஸ்பூன் இல்லை. ஆனால் காம்பை ஒடித்துவிட்டால் கிட்டத்தட்ட அதே உருவம்தான்: குழிந்த உலோகத் தகடு, ஒரு முனையில் தூண்டில் நரம்பு, மறுமுனையில் முள். புழுவும் வேண்டாம், இறாலும் வேண்டாம். அது நெளிந்து மினுங்குவதைக் குட்டி மீன் என்று நம்பிக் கொடுவா மீன் பாய்ந்து கவ்வும் என்று கேள்வி. அவளுக்கு இதுவரை முழங்கை நீளத்தைத் தாண்டி எதுவும் சிக்கியதில்லை. கனத்த வெள்ளி நிற ஸ்பூனைக் கண்ணுக்கெட்டிய தூரம் வீசுவாள். ரீலைச் சுற்றுகிற வேகத்தில் நரம்பு முறுக்கிக்கொள்ளும். வேலையிலும் அப்படித்தான். வாசலில் ஆள் நின்றால் அவளுக்குக் கை பரபரக்கும்.

அவள் கணவர் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவர். மீன் வாடை என்றாலே மூக்கைப் பொத்திக்கொள்வார். சாப்பாட்டு மேஜையில் அவள் ஸ்பூன் புராணம் பாடும்போது, புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் "ம்" கொட்டுவார். அவ்வளவுதான்.

ஒரு காலையில் தலைவாரக் கையைத் தூக்கினாள். கை தோளுக்கு மேல் வரவில்லை. அன்று அவளே எக்ஸ்ரே மேஜையில் படுத்தாள். கூட வேலை பார்க்கும் பெண் உள்ளிருந்து "மூச்சைப் பிடிங்கக்கா" என்றபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எலும்பில் ஒன்றுமில்லை, தோள்மூட்டு இறுகிவிட்டது என்றார் டாக்டர்.

"மாசக்கணக்கா ஆகும். அந்தக் கையால எதையும் வீசக்கூடாது."

"ஸ்பூன்?"

"வீட்டுக்காரர் மேல எவ்வளவு கோபம் வந்தாலும் கூடாது" என்றார் டாக்டர், விஷயம் தெரியாமல்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காவது ஞாயிறு கணவர் புத்தகத்தை மூடினார்.

"கிளம்பு. முடிச்சு நான் போடறேன். நீ இடது கையால வீசு."

ஆற்றின் மேல் பனி படர்ந்திருந்தது. தூண்கள் மறைந்து, பாலம் காற்றில் மிதப்பதுபோல் இருந்தது. எங்கோ மேலே மழை பெய்து தண்ணீர் கலங்கி வந்திருந்தது. பெட்டியைத் திறந்து பழக்கதோஷத்தில் வெள்ளியை எடுத்தாள்.

"அது வேண்டாம். கலங்கல்ல செம்புதான் தெரியும். கனமாவும் வேண்டாம், சட்டுனு அடியில போய் உட்கார்ந்துக்கும். அந்த அகலமான, மெல்லிசான செம்பை எடு."

அவள் திரும்பிப் பார்த்தாள். "இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

"நீதான். சாப்பிடும்போதெல்லாம்."

இடது கை வீச்சு பக்கத்திலேயே போய் விழுந்தது. வெட்கமாக இருந்தது. வலது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு மெல்லச் சுற்றினாள். அதற்கு மேல் தோள் இடம் கொடுக்கவில்லை. அப்போதுதான் நரம்பின் வழியாக அது விரலுக்கு வந்தது: இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று தூளி ஆடுவதுபோல் ஒரு சின்ன அசைவு. இத்தனை வருடம் வேகத்தில் அவள் உணராத அசைவு. வலி சுரீரென்றால் நிறுத்துவாள். ஸ்பூன் உதிர்ந்த இலையாகப் புரண்டு புரண்டு கீழே இறங்கும். மறுபடி சுற்றுவாள். பனியும் தண்ணீரும் ஒன்றாகிவிட்டன. தான் நிற்கிறோமா, தானும் இறங்கிக்கொண்டிருக்கிறோமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்படி ஒரு நிறுத்தத்தில் தூண்டில் ராடு வில்லாக வளைந்தது.

ஒற்றைக் கையால் தாங்கவில்லை. கணவர் ஓடிவந்து பின்னாலிருந்து சேர்த்துப் பிடித்தார்.

"விடாதீங்க!"

"ராடையா, உன்னையா?"

"ரெண்டையும்!"

மீன் ஒருமுறை தண்ணீரை உடைத்து எழும்பியது. முழுசாக, வெள்ளி வெளிச்சமாக ஒரு கணம் நின்று மறைந்தது. கால்மணி நேரத்துக்குப் பின் களைத்துக் கரையோரம் வந்தது. கணவர் செருப்போடு முழங்கால் தண்ணீரில் இறங்கினார்.

"செவுள்ல கை வைக்காதீங்க, அறுத்துடும்!"

தன் சட்டையைக் கழற்றி அதில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தார். மூக்கைப் பொத்த அவருக்குக் கை இல்லை.

தோள் குணமாக எட்டு மாதம் ஆனது. இப்போது பழையபடி தூரம் வீசுகிறாள். ஆனால் இழுப்பது மெதுவாகத்தான். அந்த வருடம் இன்னும் நான்கு பெரிய கொடுவாக்கள் கிடைத்தன, இரண்டு தப்பின. கணவரும் ஒரு ராடு வாங்கினார். அவருடைய முதல் வீச்சு பாலத்துத் தூணில் மோதியதில் பக்கத்துப் பாறைக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

ஞாயிறு காலைகளில் இருவரும் பத்தடி தள்ளி நிற்கிறார்கள்.

"பசிக்குதாங்க?" என்று அவள் கேட்டால் அவர் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

"உஷ்! இப்பதான் கீழ இறங்கிட்டிருக்கு."