ஜி.எம். தள்ளிய மீன்

மந்தாரக்குப்பத்தில் மெஸ் நடத்துகிறவர்கள் பலர் உண்டு. ஆனால் மீன் குழம்பு என்றால் மாணிக்கம்மாள் மெஸ்தான். ஊர் சொல்கிறதோ இல்லையோ, மாணிக்கம்மாள் சொல்லுவாள். இரண்டாம் வகுப்பு தாண்டாதவள். முத்தாண்டிக்குப்பத்தில் முந்திரிக்கொட்டை உடைத்துக் கை கறுத்தவள். யார் தயவும் இல்லாமல் ஓர் அடுப்பு, ஒரு குண்டானோடு தொடங்கி, நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வருகிற கான்ட்ராக்ட் ஆட்களையெல்லாம் தன் பெஞ்சில் உட்கார வைத்தவள். பெர்மனன்ட் ஆட்களே குவார்ட்டர்ஸ் சாப்பாட்டை விட்டுவிட்டு வருவார்கள் என்பது அவளுடைய தனிப் பெருமை.

அந்த மெஸ்ஸில் ஒரு வழக்கம். காலையில் வரும் மீனில் ஒன்றை எடுத்துக் கொல்லையில் இருக்கும் செவலைப் பூனைக்குப் போடுவாள். பூனை தின்றால்தான் மீன் அடுப்பேறும். "மருந்து போட்ட மீனு நம்ம மூக்குக்குத் தெரியாது. அதும் மூக்குக்குத் தெரியும்" என்பாள். சாப்பிட வருகிறவர்கள் சுரங்கத்து ஜெனரல் மேனேஜரை நினைத்துப் பூனைக்கு ஜி.எம். என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் பார்க்காமல் அங்கே எதுவும் பாஸ் ஆகாதாம். கன்வேயர் பெல்ட்டில் வேலை செய்கிற அன்புச்செல்வன் கை கழுவும்போதே கேட்பான்: "இன்னாம்மா, இன்னிக்கு ஜி.எம். கையெழுத்து ஆச்சா?"

மீன் கொண்டுவருகிறவள் சாமியம்மாள். கடலூர் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, பஸ் பிடித்து, அலுமினியக் கூடையோடு வந்து சேருவாள். மெஸ் தொடங்கிய நாளிலிருந்து அவள்தான். அவள் மீனை ஜி.எம். ஒருநாளும் தள்ளியதில்லை.

ஆடி மாதத்தில் ஒரு காலை, தள்ளியது. போட்ட சங்கரா மீனைப் பார்த்து ஓடி வந்த பூனை, வாயில் கவ்வியது, அப்படியே கீழே போட்டது. மீனைப் பார்த்துச் சீறிவிட்டுச் சுவரேறி ஓடிப்போனது.

"எங்கனா எலி துன்னுட்டு வந்திருக்கும்க்கா" என்றாள் சாமியம்மாள்.

"எலி துன்ன பூன எதுக்கு ஓடியாருது?"

மறுநாளும் அதே கதை. அதற்குப் பிறகு மாணிக்கம்மாளின் கண் சும்மா இருக்கவில்லை. இவள் ஏன் இப்போதெல்லாம் ஐஸ் அதிகம் போடுகிறாள்? கேட்காமலே ஏன் செவுளைத் தூக்கிக் காட்டுகிறாள்? பூனை வரும் நேரம் பார்த்து ஏன் கிளம்புகிறாள்? இத்தனை வருஷமாகப் பார்த்த சிரிப்பே இப்போது வேறு மாதிரி தெரிந்தது. பிணத்துக்குப் போடும் மருந்தை மீனுக்குப் போடுவதாக பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் முறையும் பூனை சீறியதும், பெஞ்சில் ஆட்கள் இருப்பதைக்கூடப் பார்க்காமல் கூடையைக் காலால் தள்ளினாள்.

"பொணத்துக்குப் போடற மருந்த எங்கிட்ட வித்துகினு போலாம்னு பாக்கறியா? என் மெஸ்ஸு பேரக் கெடுக்க எவ அனுப்பிச்சா உன்ன?"

சாமியம்மாள் சிதறிய மீனை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். "ஒரு பூன சொல்லிச்சுன்னு மனுஷியத் தள்ற. தள்ளு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்து பைக்கில் பெட்டி கட்டி வரும் மணிமாறனிடம் வாங்கினாள். பூனை அதையும் பார்த்துச் சீறியது. இவனும் அவளும் கூட்டு என்று மாணிக்கம்மாளுக்குத் தோன்றியது. மணிமாறன் மீன் உண்மையிலேயே நாறியது வேறு விஷயம். அதை அப்படியே கொல்லை வாளியில் கொட்டினாள். யாரையும் நம்ப முடியாது என்று அவளே பஸ் ஏறித் துறைமுகத்துக்குப் போனாள். படகிலிருந்து இறங்கிய பாறை மீனை, வால் துடிப்பு அடங்கும் முன் வாங்கி வந்து போட்டாள். பூனை கவ்வியது. கீழே போட்டது. சீறியது.

துடித்த மீனுக்கு எவள் மருந்து போட்டிருப்பாள்?

அன்றுதான் பூனையைப் பிடித்து மடியில் போட்டுப் பார்த்தாள். விலா எலும்பு கையில் தட்டியது. தாடையில் எச்சில் ஒழுகிக் காய்ந்திருந்தது. வாயைத் திறந்ததும் அடித்த நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உடனே ஒரு கட்டைப்பையில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள்.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள். "ஈறு அழுகி வேர் வரைக்கும் போயிருக்கும்மா. ரெண்டு பல்லு தானாவே விழுந்திருக்கு. பசியில ஓடி வருது, கடிச்சதும் வலி உயிர் போகுது. மீன்தான் தன்னைக் கடிச்சிடுச்சுன்னு நெனச்சு அது மேல சீறுது. மிச்சப் பல்ல எடுத்தாதான் பொழைக்கும்."

"பூனைக்குப் பல்லப் புடுங்கற வைத்தியம் எந்த ஊர்ல இருக்குது? பொறவு எப்படித் துன்னும்?" மாணிக்கம்மாளுக்கு அங்கேயும் சந்தேகம்.

"இப்ப மட்டும் தின்னுதா?"

மாணிக்கம்மாள் பூனையை எடுத்து மேஜைமேல் விட்டாள். மயக்க மருந்து கொடுத்துப் பல்லை எடுத்தார்கள். புண் ஆறும்வரை முள் எடுத்துப் பிசைந்து ஊட்டினாள். பூனை தேறியது. கேட்டுக் கேட்டுத் தின்றது.

ஒரு காலை கொல்லைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கழுவாமல் கிடந்த வாளிக்குள் தலையை விட்டு, வேறு வழியில்லாமல் முந்தின நாள் மறுபடி மணிமாறனிடம் வாங்கிக் கொட்டிய அழுகல் மீனை ஜி.எம். ஈறாலேயே சப்பிக்கொண்டிருந்தது. அவளுக்கு மூக்கைப் பிடிக்கவேண்டியிருந்த நாற்றம். அதற்கோ அமிர்தம். அப்படியானால் இத்தனை வருஷம் மெஸ்ஸில் நல்ல மீன் வெந்தது பூனையால் அல்ல. அதைக் கொண்டுவந்தவளால்.

சாமியம்மாள் இப்போது டவுன்ஷிப் மார்க்கெட்டில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மாணிக்கம்மாள் எதிரே போய் நின்றாள்.

"உன் மீன் மேல தப்பில்ல. என் பூனைக்குத்தான் பல்லு கெட்டுப்போச்சு."

சாமியம்மாள் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "பூன பல்லு கெட்டுச்சு, சரி. நீ கடிச்சியே, அது?"

"நாளைலருந்து கொண்டாந்து குடு."

"கொல்லப் பக்கமா வர மாட்டேன். ஆளுங்க சாப்டற நேரத்துக்குத்தான் வருவேன். முன்னாடி வாசல்லதான் எறக்குவேன்."

அப்படியே வந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். தலைச்சுமையோடு வாசலில் நின்றவளிடம் மாணிக்கம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு போய், இரு கையாலும் கூடையைப் பிடித்து இறக்கினாள். சாமியம்மாள் ஒரு சங்கராவை எடுத்துச் செவுளைத் திறந்தாள்.

"பாரு."

"வேணாம். எனக்குத் தெரியும்."

"நீ பாக்காம நான் வைக்க மாட்டேன்."

மாணிக்கம்மாள் அத்தனை பேர் முன்னாலும் குனிந்தாள். செவுள் சிவந்திருந்தது. முகர்ந்தாள். கடல் வாடையைத் தவிர வேறொன்றும் இல்லை.

"நல்ல மீனு" என்றாள்.

"கடைசி பெஞ்சுக்குக் கேக்கல."

மாணிக்கம்மாள் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.