அரியலூர் வழியாக ஆப்பிரிக்கா

எண்பதுகளின் தொடக்கத்தில் என் அக்கா தான்சானியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். நான் பெரம்பலூரில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் எங்கள் இருவரையும் படிக்கவைத்தவள் அம்மா.

விடுமுறைக்குக் குரும்பலூர் வந்திருந்த அக்கா, ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"அடுத்த வருசம் நீங்க ரெண்டு பேரும் அங்க வரீங்க. நான் இருக்குற ஊருக்குக் கிட்டவே மிக்குமின்னு ஒரு காடு இருக்கும்மா. யானை, சிங்கம் எல்லாம் அவுத்துவுட்ட மாடு மாதிரி திரியும். ஜீப்புல போயிப் பாக்கலாம்."

அம்மா கையை உதறினாள். "பஸ்ஸுல ஏறுனாலே எனக்குக் கொடலப் பொரட்டுது. இதுல ஏரோப்ளேன், ஜீப்பு வேறயா? நீங்க போயிட்டு வாங்க."

உண்மைதான். பஸ்ஸுக்குப் பயந்து சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குக்கூடப் போகாதவள் அம்மா.

அக்கா வாதாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவை இரண்டு இட்லியோடு நிறுத்தி, பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏற்றினாள். முன்சீட். "கீழ பாக்காதம்மா, தூரத்துல ரோட்டப் பாரு." சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியில், பாதி வழியிலேயே அம்மா வாந்தி எடுத்தாள். அக்கா தன் முந்தானையால் அவள் வாயைத் துடைத்து, இறக்கி, ஒரு புளியமரத்தடியில் உட்காரவைத்து, எதிரே வந்த பஸ்ஸில் திரும்பக் கூட்டிவந்தாள்.

அடுத்த ஞாயிறும் அம்மாவைக் கிளப்பினாள்.

"ஏங்க்கா அம்மாவ இப்படிப் போட்டு வதைக்கிற?" என்றேன்.

"ஒடம்பு பழகலடி. அவ்ளோதான். பழக்கிடலாம்."

மற்ற நாட்களில் பயணத் திட்டம் ஓடியது. அங்கே மழைக்காலத்தில் காட்டுப் பாதை சேறாகிவிடும். ஆடியில் புல் காய்ந்திருக்கும், மிருகங்கள் தண்ணீர் தேடி வெளியே வரும், அப்போது வாருங்கள் என்றாள். மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட வேண்டும். நீலமும் கறுப்பும் உடுத்தக் கூடாது. அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கிற ஈ ஒன்று உண்டாம்.

"ஈயிக்குக்கூடக் கலரு தெரியுதா!" என்று அம்மா சிரித்தாள். அன்றைக்கே தன் நீலப்புடவையைத் தனியாக எடுத்துவைத்தாள். வரச் சம்மதித்துவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அக்காவின் விடுமுறை முடிவதற்குள் ஒரு ஞாயிறு, அம்மா தெளிந்த முகத்தோடு அரியலூரில் இறங்கினாள். காபி கேட்டு வாங்கிக் குடித்தாள். "இன்னும் கொஞ்ச தூரம் போலாமா?" என்றாள். திருமானூர் வரை போய்க் கொள்ளிடத்தைப் பார்த்துவிட்டு வந்தோம்.

மறு ஆடியில் நாங்கள் போனோம். விமானம் எழும்பியபோது நடுங்கியது நான். என் கையைப் பிடித்துக்கொண்டது அம்மா.

மிக்குமியில் ஒரு யானைக் கூட்டம் குட்டிகளோடு பாதையைக் கடந்தது. டிரைவர் ஜீப்பை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். அக்கா அவரிடம் சுவாஹிலியில் மெதுவாக ஏதோ கேட்டாள். அவர் பணிவாகப் பதில் சொன்னார். அம்மா யானைகளை விட்டுவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க பாரும்மா, எவ்ளோ பெருசு!" என்றாள் அக்கா.

"பாத்தேன், பாத்தேன்," என்றாள் அம்மா. "இவ்ளோ தொலவுல ஒத்தையில வந்து, அவங்க பாசையும் கத்துக்கிட்டு, வாத்தியாரம்மான்னு பேரெடுத்திருக்கியே. அதையும் பாக்க வேணாமா?"

கடைசிக் குட்டி புதருக்குள் மறையும்வரை மூவரும் ஜீப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.